தொட்டி மண்ணும் கைராசியும்

செட்டிநாட்டு ஊர்களில் பெருவீடுகள் பல. தோட்டமுடைய வீடுகள் சில. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அவ்வீடுகளில், வானம் பார்த்த முற்றத்திலுங்கூடக் கல் பாவியிருக்கக் காண்கின்றோம். இளையோர் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் பிழைப்பை மேற்கொண்டமையால், இன்று அவற்றுட் பலவற்றில் முதியோர் ஓரிருவரே உறைகின்றனர். அவர்களுக்குக் காய்கறிக் கடை வரை நடந்து வருதலே ஒரு பயணம். ஆதலின், வளவின் ஓரத்தில் நாலு தக்காளிச் செடியும் ஒரு கீரைத்தொட்டியும் இருந்தால் நலம் என்னும் ஆசை அவர்கட்கு எழுதல் இயல்பே.

அவ்வாசை பெரும்பாலும் எவ்வாறு முடிகின்றது? பழைய வாளியோ சாடியோ ஒன்றைத் தேடியெடுத்து, ஊர்ப்புறத்துச் செம்மண்ணை வருவித்து நிரப்பி, விதையிடுகின்றனர். விதை முளைக்கின்றது. ஒரு சாண் வளர்வதற்குள் இலை வெளுக்கின்றது. நீர் போதவில்லையென்று கருதி மேலும் நீர் வார்க்கச் செடி சாய்ந்துவிடுகின்றது. “நமக்குக் கைராசி இல்லையப்பா” என்று கூறி ஆச்சிமார் அத்தொட்டியை மூலையில் ஒதுக்கிவிடுகின்றனர். காரைக்குடித் தெருக்களில் இச்சொல்லை நாம் பன்முறை கேட்டிருக்கின்றோம், கேட்கும்தோறும் வருந்தியிருக்கின்றோம். என்னை? அறுபது ஆண்டு அடுக்களையை ஆண்ட கைக்கு ராசி இல்லாமற் போவது எங்ஙனம்? குறை கையில் அன்று. தொட்டிக்குள் இட்ட மண்ணில் உள்ளது. அதனை விளக்கி, நம் பக்கத்தே கிடைக்கும் பொருள்களைக்கொண்டே தொட்டிக்குரிய மண்ணை வீட்டில் ஆக்கிக்கொள்ளும் முறையை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

தொட்டி என்பது சிறுத்துப்போன வயல் அன்று. இவ்வொன்றை மனத்திற் கொண்டால் ஏனையவெல்லாம் எளிதின் விளங்கும். வயலில் வார்த்த நீரைக் கீழுள்ள மண்ணும், அதன் கீழுள்ள மண்ணும் தொடர்ந்து ஈர்த்துக்கொண்டே செல்லும். தொட்டியிலோ மண் ஓரிடத்தில் முடிந்துவிடுகின்றது. அங்கே துளை இருப்பினும் நீர் முழுவதும் வடிந்துவிடுவதில்லை. மண்ணின் நுண்ணிய இடுக்குகள் நீரைப் பற்றி நிற்றலால், தொட்டியின் அடியில் குறிப்பிட்ட உயரம் வரை நீர் தேங்கியே நிற்கும். இதனை நம்ப மாட்டாதார் பாத்திரம் துலக்கும் பஞ்சுக்கட்டி ஒன்றை நீரில் நனைத்துப் படுக்கைவாட்டில் பிடித்துப் பார்க்கலாம். சொட்டு நின்றபின் அதனை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் மீண்டும் நீர் சொட்டும். பஞ்சும் ஒன்றே, நீரும் ஒன்றே, உயரமே வேறு. உயரம் குறைந்த கலத்தில் ஈரம் தேங்கும் பங்கு மிகுதி என்பதும், ஆழமான கலத்தில் அப்பங்கு குறைவு என்பதும் இதனால் அறியப்படும்.

நீர் தேங்கினால் செடிக்கு வரும் கேடு யாது? வேரும் மூச்சு விடுவதோர் உறுப்பு. உயிர்வளி காற்றில் பரவும் விரைவை நோக்க, நீரிற் பரவும் விரைவு ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கேயாம். மண்ணின் இடுக்குகளெல்லாம் நீரால் அடைபட்டபோது வேர் மூச்சுமுட்டி அழுகுகின்றது. அழுகிய வேர் நீரை உறிஞ்சமாட்டாமையால் இலை வாடுகின்றது. வாட்டங் கண்டவர் இன்னும் ஒரு செம்பு நீர் வார்க்கின்றார். நீர் வடிந்தபின்னும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கேனும் காற்று நிற்கும் இடமுள்ள மண்ணே தொட்டிக்கு ஏற்றது.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்பது பலர் கொண்டுள்ள கருத்து. அது பிழை. நுண்மண்ணிலுள்ள நீர், தன் பிடியைவிட்டுப் பெரிய இடுக்குகளையுடைய கல்லடுக்கிற்குள் எளிதில் இறங்குவதில்லை. மண் முற்றும் நனைந்து ததும்பிய பின்னரே இறங்கும். ஆகவே, முன்னர்த் தொட்டியின் அடியில் நின்ற தேக்கம் இப்பொழுது கல்லுக்குமேல் ஏறி வேருக்கு இன்னும் அணித்தாய் நிற்கின்றது. மண்ணின் ஆழமும் அவ்வளவு குறைந்துபோகின்றது. மண் ஒழுகிப்போகாதபடி துளையின்மேல் ஓட்டுச்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் போதும். வடிகால் வேண்டுவோர் பருமனான பொருளை அடியில் தனியே இடாது, மண் முழுவதிலும் விரவியிடல் வேண்டும்.

இனி நம் மண்ணைப் பார்ப்போம். சிவகங்கைச் சீமையில் பெரும்பகுதி செம்மண்ணும் செம்பொறை மண்ணுமாம். இரும்பும் அலுமினியமும் கலந்த துகள்கள் ஈரத்தில் குழைந்து, உலரும்போது துணுக்குகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுகின்றன. மழைவிட்ட மறுநாள் புஞ்சையின் மேற்பரப்பு ஓடுபோல் இறுகி முளையைத் தடுப்பதை உழவர் அறிவர். இத்தகைய நிலத்திற்கு மக்கிய தென்னை நார்க்கழிவை எக்டேருக்கு 12.5 டன் இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கின்றது. வயலிலேயே இவ்வாறாயின், நாள்தோறும் நீர் வார்க்கப்படும் தொட்டியில் கேட்க வேண்டுவதில்லை. பத்தே நாளில் மண் அமுங்கி, ஓரங்களில் வெடித்து, வார்த்த நீர் அவ்வெடிப்பின் வழியே ஓடிவிட, நடுவிலுள்ள வேர் வறண்டு கிடக்கும். செம்மண்ணிற் குற்றமேயன்றிக் குணமில்லை என்று கொள்ளற்க. அது செடியை நிலைநிறுத்தும், இரும்பு முதலிய நுண்சத்துகளைத் தரும், உவர் அற்றது. அதனைத் தனியே விடுதலே தவறு.

மேனாட்டார் இவ்வாராய்ச்சியில் எவ்வாறு இறங்கினர் என்பதை ஒரு சிறிது கூறுதல் பொருத்தமாகும். இங்கிலாந்தில் மெர்ட்டன் என்னுமிடத்திலிருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில், 1930ஆம் ஆண்டுகளில், வில்லியம் லாரன்ஸ், ஜான் நியூவெல் என்னும் இருவர் தொட்டிக்குரிய மண்ணைப் பற்றி முறையாக ஆய்ந்தனர். அதற்குமுன் ஒவ்வொரு தோட்டக்காரரும் செடிக்கொரு கலவையென மறைபொருள்போற் காத்துவந்தனர். இவ்விருவரோ மண் ஏழு பங்கு, பீட் என்னும் சதுப்பு மக்கு மூன்று பங்கு, மணல் இரண்டு பங்கு எனும் ஒரே அடிப்படைக் கலவை பெரும்பாலான செடிகட்குப் போதும் என்று காட்டினர். நோய்க்கிருமிகள் அழியும்படி மண்ணை நீராவியால் வேவித்தலையும் வற்புறுத்தினர். ஜான் இன்னஸ் கலவை என்னும் பெயர் இன்றும் அந்நாட்டுக் கடைகளில் வழங்குகின்றது. கைராசிக்கு அங்கேயும் ஒரு பெயர் இருந்திருக்கும் போலும். அளவு தெரிந்தபின் அதற்கு வேலை குறைந்திருத்தல் கூடும்.

ஆனால், அக்கலவையை அப்படியே பெயர்த்து வந்து காரைக்குடியில் வைத்தல் ஆகாது. பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்பில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த பாசியின் மக்கு. அது நமக்கு இல்லை, வேண்டுவதும் இல்லை. அதன் வேலையைச் செய்வதற்கு நம் மாவட்டத்திலேயே சிங்கம்புணரி உளது. தென்னை மட்டையிலிருந்து நாரைப் பிரித்துக் கயிறு திரிக்கும் தொழிலாற் பெயர்பெற்ற ஊர் அது. ஒரு பங்கு நார் எடுத்தால் ஏறத்தாழ இரண்டு பங்கு சோறு போன்ற கழிவு மிஞ்சும். நார்க்கழிவு, நார்ச்சோறு என்று வழங்கும் இப்பொருள் தன் எடையைப்போல் எட்டு மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். பிடித்தும் காற்றிற்கு இடம் விடும். ஒருகாலத்தில் ஆலைகளின் புறத்தே குன்றுபோற் கிடந்து, மழைநாளில் நீரைக் கறைப்படுத்திவந்த இதுவே, இன்று கட்டிகளாக அழுத்தப்பெற்றுக் கப்பலேறி, பீட்டிற்கு மாற்றாக மேனாட்டுத் தோட்டங்களுக்குச் செல்கின்றது. நம் ஆச்சிமாரோ, தொலைவூரில் பையிலடைத்து விற்கும் ‘பாட்டிங் மிக்ஸ்’ஸைப் பேரன் வாயிலாகக் கூடுதல் விலைக்கு வருவிக்கின்றனர். பக்கத்து ஊர்ச் சரக்கே பெயர் மாறித் திரும்பி வருகின்றதோ என்று நாம் ஐயுறுவதுண்டு.

நார்க்கழிவை வாங்கியவுடன் தொட்டியில் இடலாகாது. அதற்கு இரு குற்றங்கள் உள. ஒன்று உப்பு. மட்டை உவர்நீரில் ஊறியிருப்பின் சோடியமும், இயல்பாகவே பொட்டாசியமும் அதில் மிகுந்திருக்கும். ஆதலின், நல்ல நீரில் ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்து கொட்டுதலை மும்முறை செய்தல் வேண்டும். செட்டிநாட்டு வளவுகளில் கூரைத் தாழ்வாரத்து மழைநீரை அண்டாக்களில் பிடித்துவைக்கும் வழக்கம் இவ்விடத்தே பெரிதும் பயன்படும். மற்றொன்று பசி. பச்சை நார்க்கழிவில் கரியின் அளவு தழைச்சத்தைப்போல் 112 மடங்கு. அதனை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள், தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே பறித்துக்கொள்ளும். செடி வெளுத்து நிற்கும். மரத்தூளையும் பச்சைச் சருகையும் இட்டவர்களுக்கு நேர்வதும் இதுவே.

இக்குற்றத்தை நீக்கக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கண்ட முறை வருமாறு: ஒரு டன் நார்க்கழிவிற்குச் சிப்பிக் காளான் விதை ஐந்து புட்டியும், யூரியா ஐந்து கிலோவும் கொள்க. நிழலில் நூறு கிலோ கழிவைப் பரப்பி, அதன்மேல் ஒரு புட்டிக் காளான் விதையைத் தூவுக. அடுத்த நூறு கிலோவைப் பரப்பி, ஒரு கிலோ யூரியாவைத் தூவுக. இவ்வாறு மாறிமாறி அடுக்கி, காயாது நீர் தெளித்துவரின், ஓரிரு திங்களில் கழிவு கறுத்து, 112 மடங்கு 24 மடங்காகக் குறையும். வீட்டிற்கு டன் கணக்கு வேண்டுவதில்லை. நூறு கிலோவிற்கு அரைப்புட்டியும் அரைக்கிலோவும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். மக்கியதன் அடையாளம் யாது? நிறம் கறுத்திருத்தல், அளவு சுருங்கியிருத்தல், மண்வாசம் வீசுதல், கையை உள்ளே விட்டால் சூடின்மை ஆகியவையாம். மக்க வைத்ததையே விலைக்கு வாங்குவாரும் இவற்றைப் பார்த்து வாங்குக.

அடுத்து எரு. தொழுவெருவில் நூற்றுக்கு அரைப்பங்கே தழைச்சத்து உண்டு. ஆட்டெருவில் ஏறத்தாழ மூன்று பங்கு. நம் சீமையில் கீதாரிகள் ஆட்டுக்கிடை அமர்த்தும் புஞ்சைகள் செழித்து நிற்பதன் காரணம் இதனால் விளங்கும். ஆயினும் புதிய ஆட்டுப்புழுக்கை சூடுடையது. மூன்று திங்களேனும் மக்க வைத்துப் பொடித்தே இடல் வேண்டும். வேப்பம் பிண்ணாக்கில் ஐந்து பங்கும், கடலைப் பிண்ணாக்கில் ஏழு பங்கும் தழைச்சத்து உள.

கண்மாய் வண்டலை இடலாமோ எனச் சிலர் வினவுகின்றனர். ‘வண்டல்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழ் மாணவராகிய நம் நெஞ்சம், நெய்தற்கரையில் மகளிர் மணலாற் பாவை செய்து விளையாடிய வண்டலையே நினைக்கின்றது. உழவருக்கோ அது வெள்ளம் கொணர்ந்து படியவிட்ட செல்வம். கண்மாய்களில் படிந்த வண்டலை வேளாண்மைக்கும் மட்பாண்டத் தொழிலுக்கும் உரிய அனுமதி பெற்றுக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டு முதல் வழி செய்துள்ளது. வயலுக்கு அது சாலவும் நன்று. தொட்டிக்கு அவ்வளவு நன்றன்று என்பது நம் துணிபு. களிநுண்மை மிக்கதாகலின், மேற்கூறிய தேக்கத்தை அது இன்னும் உயர்த்தும். இடுவாராயின், செம்மண்ணிற் மூன்றில் ஒரு பங்கிற்கு மாற்றாக மட்டும் இடுக. சாக்கடை கலக்கும் ஊருணியின் வண்டலை, எத்துணைக் கருமையாய்க் கவர்ச்சியாய் இருப்பினும், உண்ணும் செடிக்கு இடற்க.

மணலுக்கு ஆற்றைத் தோண்ட வேண்டுவதில்லை. அரிசி ஆலைகளிற் கிடைக்கும் உமியைப் புகைய விட்டுக் கரியாக்கினால், எடையற்றதும் காற்றோட்டம் தருவதுமான உமிக்கரி கிடைக்கும். பாட்டன்மார் பல் விளக்கிய அதுவேதான். முழுதும் எரிந்து வெளுத்த சாம்பல் ஆகாது; அதன் காரம் மிகுதி. செட்டிநாட்டில் இடிபடும் வீடுகளிலிருந்து வரும் நாட்டோட்டுச் சில்லுகளைப் பட்டாணி அளவிற்கு உடைத்தும் இடலாம். இடிபாடுகளுக்கிடையே இதற்கேனும் ஒரு பயன் உண்டாகட்டும்.

இனிக் கலக்கும் அளவு. மண் அள்ளும் இரும்புச்சட்டியை அளவையாகக் கொள்க. சலித்த செம்மண் மூன்று சட்டி, மக்கிய நார்க்கழிவு மூன்று சட்டி, மக்கிய தொழுவெருவோ ஆட்டெருவோ இரண்டு சட்டி, உமிக்கரியோ ஓட்டுச்சில்லோ ஒரு சட்டி. இவற்றோடு வேப்பம் பிண்ணாக்குத் தூள் அரைக்கிலோ. எல்லாவற்றையும் நிழலிற் கொட்டி, மும்முறை புரட்டி, புட்டு மாவிற்குத் தெளிப்பதுபோல் நீர் தெளித்து, ஈரச்சாக்கால் மூடிப் பதினைந்து நாள் வைக்க. பிண்ணாக்கின் சூடு அதற்குள் தணியும். ஆட்டெரு இடுவோர் இரண்டு சட்டியை ஒன்றரையாகக் குறைத்தல் நலம். இவ்வளவு வேதவாக்கு அன்று. கிடைக்கும் மண்ணிற்கேற்ப மாற்றுதற்குரியது. மாற்றுவதற்கு அளவுகோல் மூன்று உண்டு.

ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக வேண்டும். விரலால் தட்டினால் உதிர்ந்துவிட வேண்டும். உதிராவிடின் மண் மிகை, உருளாவிடின் கரி மிகை. தொட்டியில் நிரப்பி ஒரு செம்பு நீர் வார்த்தால், நீர் மேலே குளம்போல் நில்லாது இறங்கி, சிறிது நேரத்தில் அடித்துளையில் வெளிப்பட வேண்டும். மூன்றாவது, எல்லாவற்றினும் நம்பத்தக்கது: பாசிப்பயறு பத்தினை அதில் ஊன்றிப் பார்த்தல். ஐந்தாறு நாளில் எட்டொன்பது முளைத்துப் பசுமையாய் நிமிர்ந்தால் கலவை நன்று. முனை கருகினாலோ, வெளுத்துக் கூனினாலோ, உப்போ சூடோ எஞ்சியுள்ளதென்று அறிந்து மீண்டும் நீர் விட்டலசிப் பத்துநாள் பொறுக்க. பத்துப் பயற்றின் செலவில் நாற்றுக்கள் அனைத்தும் தப்பும்.

கலத்தைப் பற்றிச் சில சொற்கள். கீரைக்கு ஒரு சாண் ஆழம் போதும். மிளகாய்க்குப் பத்து லிட்டரும், தக்காளிக்கும் கத்திரிக்கும் இருபது லிட்டரும் கொள்ளும் கலம் வேண்டும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் கண்ணைப் பறிக்கும் மங்குச் சட்டிகளைக் கண்டு, ஓட்டை விழுந்ததை வாங்கிச் செடி வைக்கும் நாகரிகம் இப்பொழுது பரவுகின்றது. பூச்செடிக்கு வைப்பாராக. பழைய மங்கின் வண்ணப்பூச்சில் ஈயமும் காட்மியமும் இருத்தல் கூடுமாதலின், உண்ணுஞ் செடிக்கு அது வேண்டா. வண்ணக்குழம்பு அடைத்துவந்த டப்பாவும் வேண்டா. மெத்தையில் தொட்டி வைப்போர் எடையையும் நினைக்க வேண்டும். நனைந்த செம்மண் இருபது லிட்டர் முப்பது கிலோவிற்குக் குறையாது. நம் கலவையோ ஏறத்தாழ அதில் மூன்றில் இரு பங்கே நிறுக்கும். அங்ஙனமாயினும், நூறாண்டு கண்ட சுண்ணாம்புக் காரைத் தளத்தின் நடுவில் வரிசையாக அடுக்காமல், கீழே சுவருள்ள ஓரத்தையொட்டி வைத்தலே அறிவுடைமை.

தொட்டியில் சத்து நில்லாது. நாள்தோறும் வார்க்கும் நீரோடு அடித்துளை வழியே போய்க்கொண்டேயிருக்கும். முதல் திங்கள் செழித்த செடி இரண்டாந் திங்களில் சோர்வது இதனாலேயாம். ஒரு பிடி கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் கலந்து, இருவாரத்திற்கு ஒருமுறை ஊற்றுக. தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகினால் பூச்சியென்று அஞ்சி மருந்து தேட வேண்டா. ஒருநாள் காய்ந்தும் ஒருநாள் ததும்பியும் நீர் ஒழுங்கின்றி வார்ப்பதால், சுண்ணச்சத்து காய்க்கு எட்டாமற் போகும் நோய் அது. நம் சித்திரை வெயிலில் தென்னை மட்டைத் துண்டுகளை மண்ணின்மேல் பரப்பி மூடாக்கிட்டால் ஈரம் ஒரு சீராய் நிற்கும்.

பயிர் முடிந்தபின் மண்ணைக் கொட்டிவிடுதல் வேண்டா. வள்ளுவனார் உழவைப் பற்றிக் கூறுமிடத்து, ஒரு பலப் புழுதி காற்பலமாக உணங்கினால் பிடி எருவும் வேண்டாதே பயிர் விளையும் என்கின்றார். எனினும், அடுத்த குறளிலேயே உழுதலினும் எருவிடுதல் நன்று என்கின்றார். தொட்டிக்கு ஏரில்லை, உணக்குதலும் எருவும் உண்டு. பங்குனி முடிவில் பழைய மண்ணைத் தளத்திற் கொட்டி, வேர்களைப் பொறுக்கி, கட்டி உடைத்து, நன்கு காய விடுக. பின்னர்ச் சிறிது நனைத்து, நிறமற்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாது மூடிச் சித்திரை வெயிலில் ஐந்தாறு வாரம் வைத்தால், அவ்வீரச் சூட்டில் வேரழுகல் பூசணமும் நூற்புழுவும் பெரும்பாலும் மடியும். மெர்ட்டனில் நீராவிக்கு அடுப்பு மூட்டினர். நமக்கு வெயில் இருக்கின்றது. வைகாசி முடிவில் தாளை நீக்கி, நான்கு சட்டிக்கு ஒரு சட்டி புது எருச் சேர்த்துப் புரட்டிவைக்க. தக்காளி, கத்திரி, மிளகாய் மூன்றும் ஒரு குடும்பமாகலின், அவை நின்ற மண்ணில் அடுத்து வெண்டையோ கொத்தவரையோ கீரையோ விதைக்க. அப்பொழுது ஆடிப்பட்டத்திற்குத் தொட்டிகள் ஆயத்தமாய் நிற்கும்.